எண்ணெய்த் துளியின் சாட்சியம்

பேராதனைக் கடையொன்றில் வாங்கும் ரோச் லைற்றின் குமிழில் 0.1 அம்பியர் ஓட்டம் பாய்ந்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 6,240 கோடி கோடி இலத்திரன்கள் அதைக் கடக்கின்றன. இந்தக் கூட்டத்தில் ஒன்றைத் தனியே பிடித்து மின்னேற்றத்தை அளப்பது எப்படி? ஜே. ஜே. தொம்சன் போன்றோர் நீராவி முகிலை வைத்து அளந்தார்கள்; கிடைத்தது சராசரி மட்டுமே. எல்லா இலத்திரனும் ஒரே அளவா என்பதைச் சராசரி சொல்லாது. சிக்காகோவில் றொபேட் மில்லிகனும் மாணவர் ஹார்வி பிளெச்சரும் முகிலை விட்டுத் தனித்துளிக்கு வந்தார்கள். நீர் ஆவியாகிவிடும் என்பதால் எண்ணெய். இரு உலோகத் தட்டுகளுக்கிடையே துளி தானாக விழும் வேகத்தையும் மின்புலத்தில் எழும் வேகத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மின்னேற்றம் கணக்கில் வந்துவிடும்.

மில்லிகன் 1913 கட்டுரையில் 58 துளிகளையே காட்டினார். குறிப்பேடுகளிலோ அதற்கு மேலும் உண்டு. பொறுக்கி எடுத்தாரா? ஓரளவு ஆம், அதை மறைத்ததும் சரியல்ல. ஆனால் வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. ஒரே துளியின் மின்னேற்றம் மாறும்போது அதன் வேகம் இடையிடையே திடீரென மாறியது. அந்த மாற்றங்கள் எப்போதும் ஒரே அலகின் முழு மடங்குகள். துளிகளைக் கழித்துவிடுவதால் இந்தப் படிகள் முளைத்துவிடா. அலகிலும் குறைவான மின்னேற்றம் கண்டதாக வியன்னாவின் பீலிக்ஸ் ஏரன்ஹாவ்ற் வாதாடினார், அது நிலைக்கவில்லை. மில்லிகனின் உண்மையான பிழை வளியின் பிசுக்குமை எண்ணில் இருந்தது. அதனால் அவர் விடை சுமார் 0.6 வீதம் குறைந்தது. எக்ஸ் கதிர் அளவீடுகள் பின்னர் அதைத் திருத்தின. 2019 முதல் 1.602176634×10⁻¹⁹ கூலோம் என்பது வரையறுத்த பெறுமானம்.