காரில் கரண்ட் எடுக்க இன்வெர்ட்டர் வாங்கப் போறீங்களா? பெட்டியைப் பார்க்காதீங்க, பியூசைப் பாருங்க!

விக்கிரவாண்டி:-

கரண்ட் போனால் காரில் இருந்தே விளக்கு, லேப்டாப், சின்ன பேன் ஆகியவற்றை ஓட்ட உதவுவது கார் இன்வெர்ட்டர். டேஷ்போர்டு பக்கம் இருக்கும் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால், காரின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்ட் போல 220 வோல்ட்டாக மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய நம்பரை நம்பி வாங்கினால், பணமும் போய் பேட்டரியும் போய்விடும்.

பெஞ்சல் தந்த பாடம்

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்ட மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டி-முண்டியம்பாக்கம் இடையே ரெயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவை தொட்டதால் ரெயில்கள் நிறுத்தப்பட்டன. பல கிராமங்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன.

அந்த மாதிரி நேரத்தில் வாசலில் நிற்கும் கார்தான் ஒரே மின்சார வழி. அது எவ்வளவு தாங்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால்தான் கை கொடுக்கும்.

பியூஸ்தான் முதலாளி

லைட்டர் சாக்கெட்டுக்கு என்று தனியாக ஒரு பியூஸ் உண்டு. கார்களில் அது பெரும்பாலும் 10, 15 அல்லது 20 ஆம்பியராக இருக்கும். கணக்கு ரொம்ப சுலபம். 12 வோல்ட்டை ஆம்பியரால் பெருக்க வேண்டும். 10 ஆம்பியர் என்றால் 120 வாட்ஸ். 15 ஆம்பியர் என்றால் 180 வாட்ஸ். பல கார்களில் சாக்கெட் மூடியிலேயே '12 வோல்ட், 120 வாட்ஸ்' என்று அச்சடித்திருப்பார்கள்.

இன்வெர்ட்டர் சூடாவதில் கொஞ்சம் கரண்ட் வீணாகும். அதனால் 120 வாட்ஸ் சாக்கெட்டில் சுமார் 100 வாட்ஸ் வரைதான் உருப்படியாக எடுக்கலாம். 500 வாட்ஸ் பெட்டியை வாங்கிச் சொருகினாலும் இதே 100-தான்!

"பியூஸ் போனா என்ன, பெருசா ஒண்ணு போட்டுக்கலாம்" என்று சிலர் நினைப்பதுண்டு. இது பெரிய ஆபத்து. பியூஸ் தாங்கும், உள்ளே ஓடும் ஒயர் தாங்காது. ஒயர் உருகி காரே தீப்பிடிக்கலாம். பியூசுக்கு பதில் கம்பி சுற்றுவதும் அதே கதைதான்.

எது ஓடும்? எது ஓடாது?

எல்.இ.டி. பல்புக்கு 9 வாட்ஸ், டேபிள் பேனுக்கு சுமார் 50 வாட்ஸ், லேப்டாப்புக்கு சுமார் 65 வாட்ஸ் போதும். இவற்றை சாக்கெட்டில் தாராளமாக ஓட்டலாம். மிக்சிக்கு 500 முதல் 750 வாட்ஸ், அயர்ன் பாக்சுக்கு 750 வாட்சுக்கு மேல் வேண்டும். இவை ஓடவே ஓடாது.

வாட்ஸ் போடாத பொருள் என்றால், அதன் பின்பக்கம் இருக்கும் ஆம்பியரை 220-ஆல் பெருக்கிப் பாருங்கள். 0.5 ஆம்பியர் என்றால் 110 வாட்ஸ்.

வெறும் செல்போன் சார்ஜ் போடத்தான் என்றால் இன்வெர்ட்டரே தேவையில்லை. சாக்கெட்டில் சொருகும் சாதாரண யு.எஸ்.பி. சார்ஜரே போதும். விலையும் குறைவு, கரண்டும் வீணாகாது.

லாரிக்காரர்கள் கவனத்துக்கு

சென்னை-திருச்சி சாலையில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வழியாக இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் சாலை பிரிவதும் இங்கேதான். லாரி, பஸ்களில் பெரும்பாலும் 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் இன்வெர்ட்டரை லாரியில் சொருகினால் அடுத்த நிமிடமே புகை வரலாம். வாங்கும்போதே எந்த வண்டிக்கு என்று சொல்லி வாங்க வேண்டும்.

இரண்டு நம்பர், இரண்டு வகை

பெட்டியில் 'பீக்' என்று போட்டிருப்பது ஓரிரு நொடி மட்டும் தாங்கும் அளவு. 'கன்டினியூவஸ்' என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து ஓடும் அளவு. பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் நம்பர்தான்!

அடுத்து, 'மாடிபைடு சைன் வேவ்', 'பியூர் சைன் வேவ்' என்று இரண்டு வகை உண்டு. முதல் வகை விலை குறைவு. பல்பு, சார்ஜருக்கு போதும். ஆனால் மோட்டார் உள்ள பொருட்கள் அதில் உறுமும், சூடாகும். பேன், மருத்துவக் கருவி ஓட்டுவதாக இருந்தால் பியூர் சைன் வேவ்தான் வாங்க வேண்டும்.

வீசிங் உள்ளவர்கள் வீட்டில்...

வீட்டில் வீசிங் உள்ள குழந்தைகளோ பெரியவர்களோ இருந்தால் 'நெபுலைசர்' வைத்திருப்பார்கள். கம்ப்ரசர் வைத்த நெபுலைசர் பல 100 வாட்சுக்கு மேல் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் கூடுதலாக இழுக்கும். 10 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாங்காமல் போகலாம். ஆபத்து நேரத்தில் பியூஸ் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேட்டரியில் ஓடும் சின்ன நெபுலைசர்கள் கடையில் கிடைக்கின்றன. கரண்டே தேவைப்படாத இன்ஹேலர், ஸ்பேசர் பற்றியும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன் தயாரிக்கும் 'கான்சன்ட்ரேட்டர்' கருவிகள் பெரும்பாலும் 300 வாட்ஸ் வரை இழுக்கும். கார் சாக்கெட்டை நம்பி அதை வைத்திருக்கவே கூடாது. மூச்சுத்திணறல் என்றால் தாமதிக்காமல் 108-ஐ அழைத்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குப் போய்விட வேண்டும்.

பேட்டரி காலியானால்...

சின்ன கார்களில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான் இருக்கும். என்ஜினை ஓட விடாமல் 100 வாட்ஸ் எடுத்தால், ஒன்றரை மணி நேரத்திலேயே சுமார் பாதி காலி. அதற்கு மேல் போனால் வண்டி ஸ்டார்ட் ஆவதே சந்தேகம்தான். வெள்ள நேரத்தில் அவசரத்துக்கு வண்டியும் இல்லாமல் போய்விடும். பேட்டரி இறங்கியதும் சத்தம் கொடுத்து தானாக நிற்கும் வசதி உள்ளதை வாங்க வேண்டும். அது நிற்பதற்குள் நாமே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

என்ஜினை ஓட விட்டு கரண்ட் எடுப்பதாக இருந்தால், காரைத் திறந்தவெளியில்தான் நிறுத்த வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் புகையில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. உயிரையே பறித்துவிடும். சைலன்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இன்வெர்ட்டரில் இருந்து வருவதும் 220 வோல்ட்தான். சின்ன பெட்டிதானே என்று ஈரக்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும். அதை வீட்டு பிளக் பாயிண்டில் சொருகி வீடு முழுக்க கரண்ட் கொடுக்கும் விபரீத முயற்சியும் வேண்டாம். துணி, சீட்டுக்கு மேல் வைக்காமல் காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும்.

மழைக்கு முன் ஒரு ஒத்திகை

கடைக்குப் போகும் முன், காரோடு வந்த புத்தகத்தில் சாக்கெட் பியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டப்போகும் பொருட்களின் வாட்சைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக, ஆனால் பியூஸ் அளவுக்குள் வாங்கினால் போதும். பில், வாரண்டி அட்டை கேட்டு வாங்குங்கள். கையோடு இரண்டு உதிரி பியூசும் வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள்.

வடகிழக்கு பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். அதற்கு முன்பே ஒரு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். என்ன ஓடுகிறது, என்ன ஓடவில்லை என்பது கரண்ட் இருக்கும்போதே தெரிந்துவிட்டால், இருட்டில் தடுமாற வேண்டி இருக்காது.