உங்களுக்குத் தெரியுமா? பட்டன் டயர் (கட்டை கட்டையான பற்கள் கொண்ட டயர்) வண்டியின் ஆக்ஸிலை முறிக்குமா?

வடசென்னையின் திருவொற்றியூரில் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் இன்று டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். என்ஃபீல்டு புல்லட்டும் இந்தியாவில் 1950-களில் அதே ஊரில்தான் தயாராகத் தொடங்கியது. டயரும் வண்டியும் பிறந்த இந்தப் பக்கத்திலேயே, பட்டன் டயர் போட்டால் ஆக்ஸிலும் செயின் செட்டும் போய்விடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. அதில் பாதிதான் உண்மை. முக்கியக் குற்றவாளி பட்டன் அல்ல, டயரின் உயரமும் எடையும். ஏ.டி.வி. எனும் கரடுமுரடுப் பாதை வண்டியில் 25 அங்குல டயரைக் கழற்றி 28 அங்குலம் மாட்டினால், அதே இழுவைக்கு ஆக்ஸில் 12 சதவீதம் கூடுதல் முறுக்குவிசையைத் தாங்க வேண்டும். கூடும் எடையும் சக்கரத்தின் ஓரத்திலேயே சேர்வதால், வேகமெடுக்கும்போதெல்லாம் அது தனிச் சுமை.

பிடிமானத்துக்கும் இதில் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. சேற்றில் வழுக்கும் சாதாரண டயர் ஒரு ஃபியூஸ் மாதிரி. மிஞ்சிய விசையை வீணாக்கிப் பாகங்களைக் காப்பாற்றுகிறது. வழுக்காத டயர் அந்த விசையை ஆக்ஸில் மூட்டுக்கே திருப்பிவிடும். நாம் ஆக்ஸிலரேட்டரை விடாமல் இருக்கையில், காற்றில் சுழலும் சக்கரம் பாறையைக் கவ்வும் நொடிதான் ஆபத்தானது. டிராக்டர் இதைவிட முரட்டு டயரில் ஓடுகிறதே, அது கெடவில்லையே என்று கேட்கலாம். அதன் கியர் விகிதமும் ஆக்ஸிலும் அந்த டயருக்காகவே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. நாம் மாற்றுவதோ டயரை மட்டும்.

ஆகவே கம்பெனி கொடுத்த அதே அளவில் பட்டன் டயர் போடுங்கள், பெரிதாகப் பயமில்லை. பைக்கில் அளவைக் கூட்டியே தீர வேண்டுமென்றால், பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டொரு பல்லையும் கூட்டிவிடுங்கள்.