இறந்து பிறந்த குழந்தையும் சட்டத்தின் கண்ணில் ‘பிறப்பு’தான்: தாயின் கைக்கு ஆவணம் வர வேண்டும்

2023 அக்டோபரில், திருச்செங்கோடு அரசு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் ஒருவர் குழந்தை விற்பனைக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். 2019 ஏப்ரலில், இதே நாமக்கல் மாவட்டத்தின் இராசிபுரத்தில் எழுந்த குழந்தை விற்பனைப் புகார் சிபிசிஐடி விசாரணைக்குச் சென்றது. அதில் பிறப்புச் சான்றிதழுக்கும் விலை பேசப்பட்டதாகக் கூறப்பட்டது. குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் இத்தகைய புகார்கள் எழுந்த மாவட்டத்தில், “குழந்தை இறந்தே பிறந்தது” என்று வாய்மொழியாகச் சொல்லி ஒரு தாயை வீட்டுக்கு அனுப்புவது எப்படிப் போதுமானதாகும்?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1969ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, ‘பிறப்பு’ என்பது உயிருடன் பிறப்பதையும் இறந்து பிறப்பதையும் குறிக்கும் என்கிறது. தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, 28 வாரக் கர்ப்பத்துக்குப் பின் நிகழ்வது இறந்து பிறப்பு. அதற்கெனத் தனி அறிக்கைப் படிவமும் தனிப் பதிவேடும் உண்டு. மருத்துவமனையில் நிகழ்ந்தால், 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியவர் அதன் பொறுப்பு மருத்துவரே.

சிக்கல் இதற்குப் பின்தான் தொடங்குகிறது. பதிவு முடிந்ததும் கட்டணமின்றி ஆவணம் பெறும் உரிமையை 12ஆம் பிரிவு தகவல் அளித்தவருக்கே தருகிறது. மருத்துவமனைப் பிரசவத்தில் தகவல் அளிப்பவர் தாய் அல்லர், மருத்துவமனை. 17ஆம் பிரிவின்கீழ் யாரும் விண்ணப்பித்துப் பதிவின் நகலைப் பெறலாம். ஆனால் அப்படியொரு பதிவு இருப்பதே தெரியாத பெண் எதைக் கேட்பாள்?

இந்த ஆவணம் வெறும் ஆறுதல் தாள் அன்று. நூற்பாலையில் வேலை செய்யும் ஒரு தலித் பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தின் வரையறை, 26 வாரங்களுக்குப் பின் குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் அதைப் பிரசவமாகவே கொண்டது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமும் ‘குழந்தை’ என்ற சொல்லில் இறந்து பிறந்த குழந்தையைச் சேர்த்தது. அதாவது அவளுக்கு உரியது கருச்சிதைவுக்கான ஆறு வார விடுப்பு அன்று, முழு மகப்பேறு விடுப்பு. ஆவணம் இல்லையெனில் நிர்வாகம் முன்னதைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம்.

இரு சட்டங்களுக்கும் இடையே இரண்டு வார இடைவெளி இருப்பதையும் கவனிக்க வேண்டும். 27ஆம் வாரத்தில் குழந்தையை இழந்தவளுக்கு விடுப்பு உரிமை உண்டு, பதிவேட்டில் இடமில்லை. மருத்துவமனைக் குறிப்புகளே அவளுக்கிருக்கும் ஒரே சான்று. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அக்குறிப்புகளைக் கொடுத்தாக வேண்டும். சிகிச்சையில் அலட்சியம் நேர்ந்திருந்தால் வழக்குக்கும் அவையே அடித்தளம்.

‘கேட்டால் கிடைக்கும்’ என்ற உரிமை, கேட்கத் துணிந்தவருக்கே கிடைக்கும். பிரசவ அறையில் அதட்டப்பட்டவள், ஊரும் சேரியும் அறிந்த ஊழியரிடம் மறுநாள் போய் ஆவணம் கேட்பது எளிதன்று. மருத்துவமனையில் சேர்த்த பின் தீண்டாமையின் பெயரால் பாகுபாடு காட்டுவதும் குற்றம் என்கிறது 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. அதை நிரூபிக்கவும் தாள் வேண்டும்.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. அவ்விதிகளைத் திருத்தும்போது மூன்று கடமைகளை மருத்துவமனைகளுக்கு வெளிப்படையாக விதிக்க வேண்டும்: இறந்து பிறப்பு அறிக்கையின் நகலை வீட்டுக்கு அனுப்பும்போதே தாயிடம் தருவது, குழந்தையின் உடலைப் பார்க்கவும் பெறவும் அவளுக்குள்ள உரிமையைத் தமிழில் எழுதிக் கொடுப்பது, பதிவைப் புதுப்பிக்கும்போது இந்த அறிக்கைகளை மாவட்ட இணை இயக்குநரின் சரிபார்ப்புக்கு வைப்பது.

அதுவரை, இத்துயரைச் சந்தித்த குடும்பங்கள் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்து மூலம் கேளுங்கள். 21 நாட்கள் கடந்ததும் பதிவாளரிடம் பதிவின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தின் ஒரு படியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டால், வழக்கு அந்தப் படியிலிருந்தே தொடங்கும்.