வெற்றுப் பதில் என்றால் 'இல்லை' என்று அர்த்தமா? வெளிக் கமாண்டின் அவுட்புட்டைப் பிடிப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை நீக்கப்பட்டு, வாசிப்பதற்கேற்ப சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "என் பைத்தான் புரோகிராமுக்குள்ளேயிருந்து இன்னொரு கமாண்டை ஓட்டுறேன். அது சொல்ற பதிலை எப்படி ஒரு வேரியபிள்ல வாங்குறது?" கேட்டா ரெண்டு வரியில முடியிற விஷயம் மாதிரிதான் இருக்கும். நானும் அப்படித்தான் நினைச்சேன். காரியாபட்டியில ஒரு அக்கா முன்னாடி தலைகுனிஞ்சு நின்ன பிறகுதான் இதை ஒழுங்கா படிச்சேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நடந்தது என்ன?

எங்க தெருவுல இருக்கிற அக்கா ஒருத்தங்க பட்டாசு ஆலையில வேலை பார்த்தவங்க. ஒரு விபத்துல கை வெந்துபோச்சு. நஷ்டஈடு கேட்டு வழக்கு. அங்கே வேலை பார்த்ததுக்கு ஆதாரம் வேணும். கையில அடையாள அட்டையும் கிடையாது, சம்பள ரசீதும் கிடையாது. வழக்கறிஞர் கையில கூலிப் பட்டியல் நகல்கள் மட்டும் வந்து சேர்ந்தது. எல்லாம் கம்ப்யூட்டர்ல பிரிண்ட் எடுத்தது, நானூறு பக்கத்துக்கு மேல. அதை ரெண்டு பேர் ஆளுக்குப் பாதியா போன்ல படம் எடுத்து எனக்கு அனுப்பினாங்க. "தம்பி, இதுல அவங்க பேரு எங்க இருக்குன்னு தேடிக் குடுங்க."

படத்திலிருந்து எழுத்தைப் படிக்க டெசரெக்ட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. எண்பதுகள்ல ஹெச்பி நிறுவனத்துல தொடங்கினது, 2005-ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு, தமிழும் படிக்கும். அது ஒரு கமாண்ட். படத்தோட பெயரைக் கொடுத்தா எழுத்தைத் திருப்பித் தரும். நான் பைத்தான்ல ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன்: ஒவ்வொரு படத்துக்கும் டெசரெக்ட்டை ஓட்டு, வர்ற எழுத்துல அக்கா பெயர் இருக்கான்னு பாரு.

ராத்திரி ஓட விட்டேன். காலையில பார்த்தா, ஒரு பக்கத்துலகூட பெயர் இல்லை. வழக்கறிஞர்கிட்ட அதையே சொன்னேன். சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தாங்க. கோபப்படல. "மூணு வருசம் அந்த கேட்டு வழியாத்தான் போயிருக்கேன் தம்பி. மிஷினு இல்லேங்குதா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

முதல் குழப்பம்: ஓஎஸ் டாட் சிஸ்டம்

இதை எழுதும்போது நான் முதல்ல செஞ்ச தப்பை நீங்களும் செய்வீங்க. பைத்தான்ல ஓஎஸ் டாட் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு. கமாண்டைக் கொடுத்தா ஓட்டும், எழுத்து ஸ்க்ரீன்ல வரும். அதை ஒரு வேரியபிள்ல வாங்கிப் பிரிண்ட் பண்ணினா பூஜ்ஜியம்னு வரும். எழுத்து எங்கே?

அது அவுட்புட்டைத் தர்றதே இல்லை. கமாண்ட் எப்படி முடிஞ்சதுங்கிற எண்ணை மட்டும் தரும். பூஜ்ஜியம்னா நல்லபடியா முடிஞ்சதுன்னு பொருள். எழுத்து நேரா ஸ்க்ரீனுக்குப் போயிடும், உங்க புரோகிராம் கையில படவே படாது.

அதனால ஓஎஸ் டாட் பிஓபன்னு இன்னொண்ணுக்கு மாறினேன். இது எழுத்தைப் பிடிச்சுக் கொடுக்கும். 'ஆஹா, முடிஞ்சது'ன்னு நினைச்சேன். அங்கேதான் சறுக்கினேன்.

ஒரு கமாண்ட் மூணு பதில் சொல்லும்

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருந்தா போதும்னா, அது இதுதான். எந்தக் கமாண்டும் மூணு வழியில பதில் சொல்லும். ஒண்ணு, ஸ்டாண்டர்ட் அவுட்புட்: நீங்க கேட்ட விடை. ரெண்டு, ஸ்டாண்டர்ட் எரர்: புலம்பல், எச்சரிக்கை, பிழைச் செய்தி. மூணு, எக்ஸிட் கோடு: ஒழுங்கா முடிஞ்சதா இல்லையாங்கிற எண்.

விடைக்கும் புலம்பலுக்கும் ஏன் தனித்தனி வழி? அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல எழுபதுகள்ல யூனிக்ஸ் வளர்ந்துக்கிட்டிருந்தப்போ அச்சுக்கோக்க ஒரு ஃபோட்டோ டைப்செட்டர் மெஷின் வச்சிருந்தாங்க. புரோகிராம்ல பிழை வந்தா, பிழைச் செய்தியும் விடையோடு சேர்ந்து அந்த மெஷினுக்கே போய் அச்சாகி வந்துடுமாம். அதுல வேலை வீணாகி நொந்துபோய்தான் பிழைக்குன்னு தனி வழி வச்சாங்கன்னு அங்கே வேலை பார்த்தவங்க பின்னாடி சொல்லியிருக்காங்க. சிவகாசி அச்சகத்துல வேலை பார்த்த யாருக்கும் இந்த வலி சொல்லாமலே புரியும்.

நான் செஞ்சது என்னன்னா, மூணுல ஒண்ணை மட்டும் வாங்கிட்டு ரெண்டை விட்டுட்டேன். டெசரெக்ட் ஒழுங்கா ஓடினாலும் ஸ்டாண்டர்ட் எரர்ல ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்கும். ராத்திரி முழுக்க ஸ்க்ரீன்ல அந்த வரிகள் ஓடியிருக்கு. நடுவுல உண்மையான பிழைகளும் ஓடியிருக்கு. நான் தூங்கிட்டேன்.

பிழை எங்கே இருந்தது?

ரெண்டாவது ஆள் அனுப்பின படங்களோட பெயர்கள் 'பேட்ச் 2 பக்கம் 14' மாதிரி இருந்தது. நடுவுல இடைவெளி. நான் கமாண்டை ஒரே நீள வரியாக் கோத்து ஷெல்லுக்குக் கொடுத்திருந்தேன். ஷெல் இடைவெளியைப் பார்த்தா சொல்லை வெட்டிடும். டெசரெக்ட் 'பேட்ச்'ங்கிற பெயர்ல ஒரு கோப்பைத் தேடியிருக்கு. கிடைக்கல. ஸ்டாண்டர்ட் எரர்ல கத்திட்டு, தோல்விக்கான எக்ஸிட் கோடோட வெளியே போயிடுச்சு. என் கைக்கு வந்தது வெத்து எழுத்து. வெத்து எழுத்துல அக்கா பெயரைத் தேடினா என்ன வரும்? 'இல்லை'ன்னுதான் வரும். பாதிப் பட்டியலை என் புரோகிராம் திறந்துகூடப் பார்க்கல. ஆனா பார்த்த மாதிரியே பதில் சொல்லிச்சு.

சரியான வழி

பைத்தான்ல இதுக்குன்னே சப்ப்ராசஸ்னு ஒரு மாட்யூல் 2004-ல 2.4 பதிப்போட வந்தது. 2015-ல 3.5 பதிப்புல அதுக்குள்ள 'ரன்' வந்தது. இன்னிக்கு பெரும்பாலும் அது ஒண்ணே போதும். அதைக் கூப்பிடும்போது நாலு விஷயம் கவனிங்க.

முதலாவது, கமாண்டை ஒரே வரியாக் கொடுக்காம லிஸ்ட்டாக் கொடுங்க. கமாண்ட் பெயர் ஒரு உறுப்பு, கோப்புப் பெயர் ஒரு உறுப்பு. அப்போ நடுவுல ஷெல் கிடையாது, இடைவெளி எத்தனை இருந்தாலும் பெயர் உடையாது. இதுல பாதுகாப்பும் இருக்கு. யாராவது கோப்புப் பெயருக்குள்ள வேற கமாண்டைச் செருகி அனுப்பினாலும் அது ஓடாது.

ரெண்டாவது, கேப்சர் அவுட்புட்டை ட்ரூன்னு வைங்க. 3.7 பதிப்பிலிருந்து இருக்கு. விடை, புலம்பல் ரெண்டும் தனித்தனியா கைக்கு வரும்.

மூணாவது, என்கோடிங் யூடிஎஃப்-8னு எழுதிடுங்க. நமக்கு இது ரொம்ப முக்கியம். பல விண்டோஸ் கணினிகள்ல இதைச் சொல்லாம பதிலை எழுத்தாக் கேட்டா பைத்தான் மேற்கத்திய எழுத்துகளுக்கான பழைய அட்டவணையை எடுத்துக்கும். தமிழ்ல மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி இருக்கே, யூடிஎஃப்-8-ல அது மூணு பைட். அதோட கடைசி பைட்டுக்கு அந்த அட்டவணையில இடமே இல்லை. முதல் புள்ளியிலேயே புரோகிராம் முட்டிக்கிட்டு நிக்கும்.

நாலாவது, செக்கை ட்ரூன்னு வைங்க. எக்ஸிட் கோடு பூஜ்ஜியமா இல்லைன்னா பைத்தான் உடனே பிழை எழுப்பும். தோல்வி மௌனமா நழுவாது.

பழைய கோடுல பிஓபன்னைத் தானே திறந்து, 'வெயிட்'னு காத்திருக்கிறதைப் பார்ப்பீங்க. அவுட்புட் நிறைய வந்தா அது தொங்கிடும். ரெண்டு புரோகிராமுக்கும் நடுவுல இருக்கிற பைப்பை ஒரு குடம்னு வைங்க. லினக்ஸ்ல வழக்கமா 65,536 பைட் பிடிக்கும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொண்ணும் மூணு பைட்ங்கிறதால நமக்கு சீக்கிரமே நிரம்பிடும். குடம் நிரம்பினதும் ஊத்துறவர் நிப்பாட்டிக் காத்திருப்பார். அவர் முடிக்கட்டும்னு நீங்க காத்திருப்பீங்க. ரெண்டு பேரும் விடிய விடிய காத்திருக்க வேண்டியதுதான். 'ரன்' பயன்படுத்தினா அதுவே குடத்தைக் காலி பண்ணிக்கிட்டே இருக்கும்.

மூணாவது பெட்டி

திருத்தின பிறகு நான் செஞ்ச பெரிய மாற்றம் கோடுல இல்லை, ரிப்போர்ட்ல. முன்னாடி 'இருக்கு', 'இல்லை'ன்னு ரெண்டு பெட்டிதான். இப்போ மூணாவதா 'படிக்க முடியல'. பிழை வந்த பக்கம், வெத்தா வந்த பக்கம் எல்லாம் அங்கே போகும். அந்தப் பக்கங்களை மனுஷக் கண்ணு பார்க்கணும். ஏன்னா எக்ஸிட் கோடு பூஜ்ஜியமா இருந்தும், படம் மங்கலா இருந்தா எழுத்து வராமப் போகலாம்.

மறுபடி ஓட்டினேன். அக்கா பெயர் ரெண்டாவது பாதியில கிடைச்சது, ஒரு இடத்துல இல்லை, பல மாசம். மூணாவது பெட்டியில விழுந்த பக்கங்களை நானும் அக்காவோட மகளும் உட்கார்ந்து வாசிச்சோம். அதுலயும் இருந்தது. பக்க எண்களை எழுதி வழக்கறிஞர்கிட்ட கொடுத்தேன். வழக்கு இன்னும் நடக்குது.

உங்க புரோகிராமும் யாரோ ஒருத்தருக்கு 'இல்லை'ன்னு சொல்லும்: ரேஷன் பட்டியல்ல இல்லை, தேர்வு முடிவுல இல்லை. அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி, அது உண்மையிலேயே தேடிச்சான்னு ஒரு தடவை கேட்டுடுங்க. எக்ஸிட் கோடைப் பார்க்க ஒரு வரி போதும்.