கருமணலில் தொலைந்த மோதிரம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு மேற்கே பீஹா, காரேகாரே, மூரிவாய் எனச் சில கடற்கரைகள் உள்ளன. அங்குள்ள மணல் கரியைப் பொடித்துக் கொட்டியதுபோல் கறுத்துக் கிடக்கும். கோடைக்கால நண்பகலில் அதன்மேல் வெறுங்காலுடன் நடக்க முடியாது, அவ்வளவு சூடு. ஆனாலும் விடுமுறை நாள்களில் அலையில் விளையாட வருவோர் ஏராளம். குளிர்ந்த நீரில் விரல் சற்றே சுருங்கும். கரையேறிப் பார்க்கும்போது சிலரின் திருமண மோதிரம் விரலில் இருக்காது.

தேடித் தருவதற்குத்தான் உலோகம் கண்டறியும் கருவி இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். நீண்ட தடியின் நுனியில் தட்டுப் போன்ற வளையம், காதில் ஹெட்போன், கையில் சிறிய மண்வாரி. இவற்றோடு கடற்கரையில் மெல்ல நடப்பவர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால், வெண்மணலில் தேடிப் பழகிய ஒருவர் அதே கருவியை மூரிவாயில் இயக்கினால் திகைத்துப் போவார். வளையத்தை எந்தப் பக்கம் கொண்டு சென்றாலும் கருவி விடாமல் ஒலிக்கும். தோண்டிப் பார்த்தால் மணலைத் தவிர வேறொன்றும் இருக்காது. கருவியில் பழுது எதுவும் இல்லை. அந்த மணலுக்குத்தான் அது குரல் கொடுக்கிறது.

அக்கரைகளின் கருமை எரிமலையிலிருந்து வந்தது. தெற்கே உள்ள தாரானாகி எரிமலைப் பகுதியின் பாறைகள் காலப்போக்கில் சிதைந்து பொடியாயின. ஆறுகள் அப்பொடியைக் கடலில் சேர்த்தன. கடல் நீரோட்டங்கள் அதை வடக்கு நோக்கிச் சுமந்து சென்று கரைநெடுகப் பரப்பின. அம்மணலில் டைட்டானோமேக்னடைட் என்னும் கனிமம் மிகுந்துள்ளது. அது இரும்பும் டைட்டானியமும் கலந்த காந்தத் தன்மையுள்ள கனிமம். ஒரு காந்தத்தை நெகிழிப் பையில் சுற்றி அம்மணலில் இழுத்தால், கரிய துகள்கள் முள்முள்ளாக அதில் ஒட்டிக்கொள்ளும். (பையில் சுற்றாமல் இழுத்தவர் பிறகு காந்தத்தைச் சுத்தம் செய்ய மிகவும் பாடுபட வேண்டியிருக்கும்.) 19ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறியவர்கள் இம்மணலை உருக்கி இரும்பு எடுக்க முயன்றனர். மணலிலிருந்த டைட்டானியம் உலைகளை அடைத்துக்கொண்டதால் அம்முயற்சிகள் தோற்றன. பின்னர் அதற்கேற்ற வேறு முறை கண்டறியப்பட்டு, 1969இல் கிளென்புரூக் எனும் இடத்தில் எஃகு உற்பத்தி தொடங்கியது. ஓர் எஃகு ஆலைக்கே மூலப்பொருளாகும் அளவுக்கு அம்மணலில் இரும்பு இருக்கிறது.

கறுப்பாக உள்ள மணல் எல்லாம் இப்படித்தான் என்று கருதிவிடக்கூடாது. லங்காவியில் உள்ள பந்தாய் பாசிர் ஹித்தாம் கடற்கரையும் கருமணலுக்குப் பெயர்பெற்றதே. அங்குக் கருமையைத் தருபவை கருங்கல் பாறைகளிலிருந்து வந்த தூர்மலின், இல்மனைட் போன்ற கனிமங்கள். அவற்றின் காந்தத் தன்மை மேக்னடைட்டின் காந்தத் தன்மையைவிட மிகக் குறைவு. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரு மணல்கள் கருவிக்கு முற்றிலும் வேறாகத் தெரியும்.

இனி, அலை செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். வீட்டில் அரிசியை முறத்தில் இட்டுப் புடைக்கும்போது உமி பறந்துபோகும். கனமான மணி தங்கிவிடும். அலையும் அதைத்தான் செய்கிறது. சாதாரண வெண்மணல், நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு அடர்த்தி உடையது; மேக்னடைட் ஏறக்குறைய 5.2 மடங்கு. தூய தங்கமோ 19.3 மடங்கு. புயலுக்குப் பிறகு பேரலைகள் இலேசான மணலை அள்ளிச் செல்ல, கனமான கரிய துகள்கள் பட்டை பட்டையாகப் பின்தங்கிவிடும். பழைய நாணயமும் மோதிரமும் அதே காரணத்தால் அதே இடங்களில் தங்கும். பேராக், கிந்தா பள்ளத்தாக்கில் டூலாங் எனும் மரத்தட்டில் ஈயம் அரித்தவர்களுக்கு இது பழகிய செய்திதான். அவர்களின் தட்டில் ஈயத்தாதுவோடு ‘ஆமாங்’ எனப்படும் கனமான கரிய துகள்களும் கடைசிவரை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆக, மோதிரம் கிடைக்கும் வாய்ப்பு எங்கே மிகுதியோ, கருவி குழம்புவதும் அங்கேதான் மிகுதி. கருமணலில் தேடுவோரின் முழுச் சிக்கலும் இதுவே.

கருவி எப்படிக் குழம்புகிறது? அதன் வளையத்தில் கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒரு சுருளில் வினாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உருவாகிறது. அப்புலம் மணலுக்குள் புகுந்து மோதிரத்தைத் தொடும்போது, மோதிரத்தில் சிறிய சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அம்மின்னோட்டம் தனக்கென ஒரு மெல்லிய காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. மற்றொரு சுருள் அதை உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது.

இந்தத் தத்துவம் பழையது. 1881 ஜூலை மாதம் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், குண்டைத் தேட இத்தகைய கருவி ஒன்றை அமைத்துக் கொண்டுவந்தார். அவருடைய சோதனை வெற்றி பெறவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள் இருந்தன. மேலும், உடலின் வலப்பக்கத்தில் மட்டுமே தேடுமாறு தலைமை மருத்துவர் கட்டுப்படுத்தினார். குண்டு இடப்பக்கத்தில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. செப்டம்பர் 19இல் அதிபர் இறந்தார். சிறிய உலோகத்தைச் சுற்றிப் பெரிய உலோகம் இருந்தால் கருவி தடுமாறும் என்பதை அன்றே பெல் பட்டறிந்தார்.

கருமணலில் மெத்தைச் சுருளின் இடத்தை மேக்னடைட் பிடித்துக்கொள்கிறது. காந்தப்புலம் பட்டதும் அக்கனிமம் உடனடியாகக் காந்தமேறி வலுவான மறுமொழி தருகிறது. கோடிக்கணக்கான துகள்கள் ஒன்றாகக் குரல் எழுப்பும்போது மோதிரத்தின் மெல்லிய குரல் அமுங்கிப்போகிறது. தைப்பூசக் கூட்டத்தில் உறுமி மேளம் முழங்கும்போது தூரத்திலிருந்து தாய் அழைப்பது காதில் விழாதது போலத்தான் இதுவும். போதாததற்கு உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே, ஈரமான கருமணலில் மணல் ஒரு பொய்க்குரலும் கடல்நீர் வேறொரு பொய்க்குரலும் எழுப்புகின்றன.

நல்ல வேளையாக, குரல்களுக்குள் வேறுபாடு உண்டு. மேக்னடைட்டின் மறுமொழி காந்தப்புலத்தோடு ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுகிறது. மோதிரத்தின் மறுமொழி மிகச் சிறிது பிந்தி வருகிறது. இந்தப் பிந்தலை அளந்து, நிலத்திலிருந்து வரும் மறுமொழியை மட்டும் கழித்துவிடலாம். இதற்கு நிலச் சமன் செய்தல் என்று பெயர். தேடுபவர் உலோகம் இல்லாத ஓரிடத்தில் வளையத்தை மேலும் கீழுமாகச் சிலமுறை அசைப்பார். ஒலி ஏறி இறங்காமல் ஒரே சீராகும்வரை கருவியைச் சரிசெய்வார். மணலின் தன்மை சில அடிகளுக்குள் மாறிவிடும் என்பதால் இதை அவ்வப்போது மீண்டும் செய்ய வேண்டும். நடக்கும்போது வளையத்தை மணலுக்கு இணையாக, ஒரே உயரத்தில் பிடிக்க வேண்டும். அது சற்று மேலேறிக் கீழிறங்கினாலே நிலத்தின் மறுமொழி மாறி, மோதிரம் கிடைத்ததுபோல் கருவி ஏமாற்றும்.

புதியவர்கள் பெரும்பாலும் கருவியின் உணர்திறனை உச்சத்தில் வைக்கிறார்கள். ஆழத்தில் உள்ளது அப்போதுதான் தெரியும் என்பது அவர்களின் எண்ணம். கருமணலில் விளைவு நேர்மாறாக இருக்கும். ஒலிபெருக்கியின் ஒலியைக் கூட்டினால் தாயின் குரலோடு உறுமியின் முழக்கமும் கூடும் அல்லவா? உணர்திறனைக் குறைத்து, மெதுவாக நடந்தால்தான் இரைச்சல் அடங்கி மோதிரம் கேட்கும். குறைப்பதனால் மிகச் சிறிய பொருள் ஒன்றிரண்டு தவறிப்போகலாம். மோதிரம் தேடுபவருக்கு அந்த இழப்பு பொறுத்துக்கொள்ளக்கூடியதே.

கம்போடியாவில் கண்ணிவெடி அகற்றுவோருக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்நாட்டின் பல இடங்களில் இரும்புச் சத்து மிகுந்த செம்மண் உள்ளது. அதுவும் கருவியைக் குழப்பும். புதைந்துள்ள கண்ணிவெடிகளில் சில பெரும்பாலும் நெகிழியால் ஆனவை. உள்ளே இருக்கும் உலோகம் ஒரு சிறு துண்டுதான். அதைத் தவறவிட்டால் பின்னால் அவ்வழியே மாடு மேய்க்கவோ பள்ளிக்கோ செல்பவரின் கால் போகும், உயிரும் போகும். ஆகவே, அவர்கள் ஒவ்வோர் ஒலியையும் வெடியாகவே கருதி, மண்டியிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாக விலக்கிப் பார்க்கிறார்கள். நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடாரையும் சேர்த்து அமைத்த கருவிகள் அங்குப் பயன்படுகின்றன. மண்ணின் இரைச்சலைப் பிரித்தறியும் ஆய்வு பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று என்பதை அங்கே காணலாம்.

கடற்கரைக்கு வருவோம். நிலச் சமன் செய்யும் எளிய கருவி, மணல் எழுப்பும் பொய்க்குரலை அடக்கினாலும் உப்பு நீரின் பொய்க்குரலையும் சேர்த்து அடக்க இயலாமல் திணறும். அதனால் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கி, அவற்றின் மறுமொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிகள் வந்துள்ளன. துடிப்பு முறைக் கருவி வேறொரு வழியைக் கையாள்கிறது. அது மின்னோட்டத்தை ஒரு நொடிப்பொழுது பாய்ச்சிச் சட்டென நிறுத்திவிடும். பிறகு ஒரு வினாடியைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் பத்துப் பதினைந்து பங்கு நேரம் காத்திருக்கும். அதற்குள் மேக்னடைட்டின் மறுமொழி பெரும்பாலும் அடங்கிவிடும். கடல்நீரின் மறுமொழியும் ஓய்ந்துவிடும். மோதிரத்தில் சுழலும் மின்னோட்டம் மட்டும் இன்னும் தேய்ந்துகொண்டிருக்கும். அப்போதுதான் கருவி ‘கேட்க’த் தொடங்கும். இதிலும் குறை உண்டு. மெல்லிய தங்கச் சங்கிலியின் மறுமொழி மிக விரைவில் மறைவதால், காத்திருக்கும் நேரம் சற்றே நீண்டாலும் அது தப்பிவிடும். அதோடு, தங்கத்தையும் துருப்பிடித்த ஆணியையும் இக்கருவி தெளிவாகப் பிரித்துச் சொல்லாது. பத்து முறை தோண்டினால் ஒன்பது முறை ஆணியோ குளிர்பான மூடியோ வரக்கூடும். பொறுமை இல்லாதவருக்கு இது ஏற்ற கருவியன்று.

எந்தக் கருவியாக இருந்தாலும் மோதிரம் கிடைப்பது, அதைத் தொலைத்தவர் முதல் சில நிமிடங்களில் செய்வதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. பதற்றத்தில் மணலைக் காலால் கிளறினால் மோதிரம் இன்னும் கீழே இறங்கும். நின்ற இடத்திலிருந்து அசையாமல், கரையில் உள்ள ஒரு மரம், ஒரு பாறை, ஒரு கட்டடம் என இடம்பெயராத அடையாளங்களைக் கைப்பேசியில் இரண்டு திசைகளில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். நேரத்தையும், நீர் அப்போது உடலில் எந்த அளவுவரை இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் தேட வருபவர் கடல் வற்றும் நேரம் பார்த்து அந்த இடத்திற்கே வந்து சேர இவை போதும். அதற்குள் அலைகள் மணலைப் பலமுறை கலக்கியிருக்கும். மோதிரம் கரிய துகள்களுக்கிடையே மேலும் ஓரிரு விரற்கடை ஆழத்திற்குப் போயிருக்கும்.