கொள்ளை நோயும் கிறிஸ்தவ நம்பிக்கையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் பெரியோர். அச்செல்வத்தை ஒருவன் இழந்தால் அது ஒரு வீட்டின் துயரம். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் இழந்தால் அதுவே கொள்ளை நோய். நம் தலைமுறை அதனைக் கண்ணாரக் கண்டுவிட்டது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் ஈஸ்டர் பண்டிகை. அன்று எங்கள் ஊர்க் கோயில் பூட்டிக் கிடந்தது. மறு ஆண்டு மே மாதம், இரண்டாம் அலையில், என் ஆச்சி அரசு மருத்துவமனையில் காலமானார். பீடி சுற்றிப் பிழைத்தவர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஆனால் 91-ஆம் சங்கீதத்தைப் பிழையின்றி மனப்பாடமாகச் சொல்லுவார். கடவுளை அண்டியிருப்பவனைக் கொள்ளை நோய் அணுகாது என்று கூறும் அந்தச் சங்கீதத்தை அச்சிட்ட தாள் ஒன்றை, எங்கள் வாசற்கதவில் தம் கையாலேயே ஒட்டியிருந்தார்.

அடக்கம் முடிந்த சில நாள்களில் என் பள்ளித் தோழன் ஒருவன், "கதவுல சங்கீதம்லாம் ஒட்டியிருந்தியளேடே, பொறவு ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். பத்தாம் வகுப்பில் இருந்த எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கு வந்தபின் படித்தவற்றைக் கொண்டு அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நம்பிக்கை என்பது யாது?

பேச்சு வழக்கில் விசுவாசம், நம்பிக்கை ஆகிய இரு சொற்களையும் ஒரே பொருளில் வழங்குகிறோம். தமிழ் வேதாகமம் இவற்றை வேறுபடுத்துகிறது. பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என மூன்றினைத் தனித்தனியே குறிப்பிடுகிறார். விசுவாசம் கடவுளைச் சார்ந்து நிற்பது. நம்பிக்கை இனி வரப்போவதை எதிர்நோக்கி நிற்பது. கிறிஸ்து மரித்து உயிர்த்தெழுந்தார், ஆகவே சாவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதே அதன் அடிப்படை. எபிரெயர் நிருபம் நம்பிக்கையை நங்கூரத்திற்கு ஒப்பிடுகிறது. நங்கூரம் புயலை நிறுத்துவதில்லை. புயலில் கப்பலை அடித்துச் செல்லாமல் பிடித்துக்கொள்கிறது.

இங்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. மத்தேயு நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில் பிசாசு இயேசுவைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தித் தாழக் குதிக்கச் சொல்கிறான். தூதர்கள் தாங்குவார்கள் என்று அவன் எடுத்துக்காட்டுவது இந்த 91-ஆம் சங்கீதத்தைத்தான்! கடவுளைச் சோதித்துப் பார்க்கலாகாது என்று இயேசு மறுத்துவிடுகிறார். ஆறுதல் தரும் வேத வாக்கைக் கூடத் துணிச்சலுக்குச் சாக்காக்கக் கூடாது என்பதே இதன் கருத்து.

லூத்தர் எழுதிய கடிதம்

1527-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் பிளேக் பரவிற்று. பல்கலைக் கழகம் யேனா நகருக்கு மாற்றப்பட்டது. மார்ட்டின் லூத்தரையும் புறப்படுமாறு அந்நாட்டு மன்னர் பணித்தார். அவரோ பூகன்ஹாகன் என்னும் குருவானவருடன் நகரிலேயே தங்கிவிட்டார். மனைவி அப்போது கர்ப்பிணி. அவர்கள் வீடே நோயாளிகள் தங்கும் இடமாயிற்று.

கொள்ளை நோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரக் குருமார் கேட்டிருந்தனர். அதற்கு விடையாக அவ்வாண்டு லூத்தர் எழுதிய கடிதம் இன்றும் படிக்கத் தக்கது. குருமாரும் அதிகாரிகளும் நோயாளியைக் கவனிக்கும் கடமையுள்ளோரும் தம் இடத்தை விட்டு ஓடலாகாது. அத்தகைய கடமை இல்லாதோர் விலகிச் செல்வது பாவம் ஆகாது என்கிறார். மருந்தை வெறுப்பதும் காவலின்றித் திரிவதும் விசுவாசமன்று, கடவுளைச் சோதிப்பதே என்று கண்டிக்கிறார். தேவையில்லாத இடத்திற்குப் போய்ப் பிறருக்கு நோயைப் பரப்ப மாட்டேன், ஆனால் அயலானுக்கு நான் தேவைப்பட்டால் தயங்காமல் போவேன் என்பதே அவர் வகுத்துக்கொண்ட நெறி. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது என்று நம்ப முடிகிறதா?

எல்லைக்கல்லில் வைத்த காசு

இந்நெறியை ஓர் ஊரே கடைப்பிடித்த வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் 'ஈம்' என்றொரு மலைக் கிராமம். 1665-ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து தையற்காரர் வீட்டிற்கு ஒரு துணிக்கட்டு வந்தது. அதை உலர்த்திய பணியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பரில் இறந்தார். பிளேக் உண்ணிகள் துணியோடு வந்திருந்தன. குளிர்காலத்தில் தணிந்த நோய் மறு ஆண்டு கோடையில் மீண்டும் மூண்டது.

ஊரின் குருவானவர் வில்லியம் மாம்பெசன் இளைஞர், ஊருக்குப் புதியவர். அவருக்கு முன்பிருந்த தாமஸ் ஸ்டான்லி என்பவர், சபைச் சட்டத்திற்கு உடன்படாததால் பதவி இழந்தவர். மக்களிற் பலர் ஸ்டான்லியின் பக்கம். இவ்விருவரும் வேற்றுமையை மறந்து கைகோத்தனர். 1666 ஜூன் மாதத்தில் மூன்று முடிவுகளை மக்கள்முன் வைத்தனர். இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே தம் நிலத்தில் அடக்கம் செய்வது. கோயிலைப் பூட்டிவிட்டுத் திறந்த பள்ளத்தாக்கில் விலகி நின்று ஆராதிப்பது. ஊர் எல்லையை யாரும் தாண்டாதிருப்பது. மக்கள் இசைந்தனர். வெளியூரார் உணவை எல்லைக்கல்லருகே வைத்துச் சென்றனர். கல்லிலுள்ள குழிகளில் காடி ஊற்றி, அதில் காசைப் போட்டு விலை கொடுத்தனர் ஊரார். டெவன்ஷயர் பிரபுவும் உணவுப் பொருள்கள் அனுப்பி உதவினார்.

கொடுத்த விலை சிறிதன்று. எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், ஆகஸ்டு மாதம் எட்டே நாள்களில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்தாள். மாம்பெசனின் மனைவி கேதரின் ஊரை விட்டுப் போக மறுத்து, நோயாளிகளுக்குப் பணிசெய்து, அம்மாதமே மாண்டார். நோய் ஓயும் முன் சுமார் 260 பேர் இறந்தனர். ஆனால் சுற்றுப்புற ஊர்கள் தப்பின. குற்றமில்லா வரலாறென்று இதைச் சொல்ல நான் முனையவில்லை. எல்லை அடைபடுவதற்கு முன் மாம்பெசன் தம் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டார். அந்த வாய்ப்பு ஏழைகளுக்கு இருந்திராது.

அறிவியல் கூறுவது

பிளேக்கின் கிருமியை 1894-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் கண்டறிந்தார். அதை எலியுண்ணி பரப்புகிறது என்பதை 1898-ஆம் ஆண்டு கராச்சியில் பால் லூயி சிமோன் ஆய்ந்து காட்டினார். இன்று தக்க காலத்தில் மருந்து கொடுத்தால் நோயாளியைப் பிழைக்கவைக்க முடியும். ஈம் மக்கள் கிருமியையும் அறியார். உண்ணியின் பங்கையும் அறியார். பிறர் பிழைக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களை எல்லைக்குள் நிறுத்திற்று. அறிவியல் படிக்கும் நமக்கோ வழியும் தெரியும். வழி தெரிந்தும் எண்ணம் இல்லாவிடில் அந்த அறிவால் பயன் என்ன?

பகிர்தல் எவ்வாறு?

ஆச்சிக்கு நோய் கண்டதும் எங்கள் வீட்டார் யாரும் வெளியே வரக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டு இசுலாமியப் பெரியம்மா நாள்தோறும் கஞ்சியும் துவையலும் தூக்குவாளியில் கொண்டுவந்து, திண்ணையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில் கூப்பிடுவார்: "வாளியத் திண்ணையில வச்சிருக்கேன், ஆறுமுன்ன எடுத்துக்கிடுங்க." ஈம் ஊரின் எல்லைக்கல்லைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. நம்பிக்கையைப் பகிர்வது மேடைப் பேச்சால் மட்டும் ஆவதன்று. நோயாளியின் வீட்டாரை 'நீங்கள் தனியாக இல்லை' என்று உணரச் செய்வதே முதற்பணி. அதைச் செய்தோரிடம், 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேட்கப்படும்போது, கிறிஸ்தவன் தன் உயிர்ப்பின் நம்பிக்கையைத் தாழ்மையோடு சொல்லலாம். எங்களுக்கு அந்த அன்பு வேற்றுச் சமயத்தாரிடமிருந்து வந்தது என்பதையும் நன்றியோடு சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

முடிவுரை

என் தோழனுக்கு இன்று சொல்லக்கூடிய விடை இதுதான்: "சங்கீதம் எங்க ஆச்சிக்குச் சாவே வராதுன்னு எழுதிக் கொடுத்த சீட்டு இல்லடே, சாகும்போதும் கடவுள் கைவிட மாட்டார்ங்கிற ஆறுதல்." அதைக் கதவில் ஒட்டிய அதே ஆச்சிதான், பழைய சேலையைக் கிழித்து வீட்டார் அனைவருக்கும் முகக்கவசம் தைத்துக் கொடுத்தார். லூத்தரின் கடிதத்தை அவர் படித்ததில்லை. அதன் பொருளை வாழ்ந்து காட்டினார்.

கொள்ளை நோய் இனியும் வரலாம். அன்று மாணவராகிய நாம் வதந்தியைப் பரப்பாமல், மருந்தை வெறுக்காமல், அடுத்த வீட்டுத் திண்ணையை மறவாமல் இருப்போமாக!