மீன் இல்லாத ஆறு வாரம்

திருச்சியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அறையில் இரண்டடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறதாம். கப்பி, தங்கமீன் வளர்த்த அனுபவம் உண்டு. இப்போது கடல் மீன் மேல் ஆசை. கையில் காசு குறைவு. கடைக்காரர் ஒரு பாட்டிலைக் காட்டி, "இந்த பாக்டீரியாவை ஊத்துங்க தம்பி, இன்னைக்கே மீன் விடலாம்" என்கிறாராம். நம்பலாமா என்று கேட்கிறார்.

நம்ப வேண்டாம். ஆனால் தொட்டியை வையுங்கள். கடல் மீன் வளர்ப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற பேச்சைக் கிளப்பிவிட்டவர்களே சாமான் விற்பவர்கள்தான். மீன் மட்டும் வளர்க்கிற சிறு தொட்டிக்குப் பவளம் வளர்க்கும் நீல விளக்கு தேவையில்லை. வாராவாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறவருக்குக் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் தேவையில்லை. திருச்சியில் இருந்துகொண்டு ஹீட்டர் வாங்குவது பற்றிப் பேசவே வேண்டாம். உப்பு, உப்பின் அளவு பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் டெஸ்ட் கிட், தண்ணீரைச் சுழற்ற ஒரு சிறு பம்ப், ஒரு ஃபில்டர். செலவு இவற்றில்தான்.

உப்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். "உப்புதானே, தூத்துக்குடி கல்லுப்பு போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது, காரணம் உப்பளத்திலேயே இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சமாகக் கால்சியம் படிந்து பிரிந்துவிடும். அடுத்துதான் நாம் சாப்பிடும் உப்பு விளையும். எஞ்சி நிற்கும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியம் அதோடு போய்விடும். கடல் உப்பின் எடையில் சோடியமும் குளோரைடும் 85 விழுக்காடு அளவுதான். மீதி 15 விழுக்காட்டை முடிந்தவரை விலக்குவதுதான் உப்பளத்தின் வேலை. மீனுக்கோ அந்த மீதியும் வேண்டும். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கடலின் அளவுக்குக் கொண்டுவர, மெரைன் சால்ட் என்று விற்கும் கலவை ஒன்றேமுக்கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். கரைப்பதற்கு ஆர்.ஓ. தண்ணீர். கடற்கரைக்குப் போய்க் கேனில் மொண்டு வரலாமே என்றால், ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகில் சாக்கடையும் சேர்ந்து வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரத் தண்ணீரின் உப்பும் நீர்த்துப் போயிருக்கும்.

இனி பாட்டிலுக்கு வருவோம். என்னைப் பல ஆண்டுகளாக வியக்க வைக்கும் விஷயம் இதுதான்.

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தண்ணீரில் அது இரண்டு உருவில் இருக்கும்: கெடுதல் குறைந்த அம்மோனியம், செவுளுக்குள் எளிதில் புகுந்துவிடும் அம்மோனியா. எது எவ்வளவு என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. நன்னீர்த் தொட்டியில் பிஎச் 7 என்றால் நஞ்சு உருவம் அரை விழுக்காடு அளவுதான். கடல்நீரின் பிஎச் 8.2, அங்கே அதே அளவு கழிவில் நஞ்சு பத்து மடங்குக்கும் மேல். தங்கமீன் தாங்கிக்கொண்ட அலட்சியத்தைக் கடல் மீன் தாங்காமல் போவதற்கு முதல் காரணம் இது.

இந்த நஞ்சைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டும் நம் தொட்டிக்குத் தாமாகவே வந்து சேரும். சிக்கல் அவற்றின் வேகத்தில்தான். ஈ. கோலை பாக்டீரியா நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். இவை இரட்டிப்பாகப் பல மணி நேரம் ஆகும். சூழ்நிலை சரியில்லாவிட்டால் ஒரு நாளைத் தாண்டும். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் கிடைக்கும் ஆற்றல் சொற்பம். அதை வைத்துக்கொண்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து தன் உடம்பையே கட்டிக்கொள்கிறது இந்த உயிர். ஒரே ஒரு கார்பன் அணுவை உடம்பில் சேர்க்கவே பல அம்மோனியா மூலக்கூறுகளை எரித்தாக வேண்டும். நைட்ரைட் தின்னும் கூட்டத்துக்குக் கிடைக்கும் ஆற்றல் அதைவிடவும் குறைவு. இவ்வளவு வறுமையில் ஒரு குடும்பம் பெருகுவதே அதிசயம்.

வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவதோடு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். பால்தான் தொட்டி நீர். பக்கத்து வீட்டில் வாங்கும் ஒரு கரண்டி உறை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவர் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு பிடி மணல் அல்லது ஊறிய ஃபில்டர் பஞ்சு. கொதிக்கும் பாலில் உறை செத்துப்போகும். வெயிலில் காய்ந்த பாட்டிலிலும் அப்படியே. பாதி கட்டிய தயிரை யாரும் கலக்க மாட்டார்கள். இங்கேயும் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது, குளோரின் எல்லாவற்றையும் அழித்துவிடும். குளிர்காலத்தில் தயிர் கட்ட நேரமாவதுபோல இதுவும் குளிரில் மெதுவாகும். ஒன்றே ஒன்றுதான் வேறு: இங்கே ஒரே பாத்திரத்தில் இரண்டு தயிர் கட்ட வேண்டும், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. அம்மோனியா நிறைய இருக்கும்வரை நைட்ரைட் தின்னும் கூட்டம் தலையெடுக்காது, அதற்கும் அம்மோனியா நஞ்சு. முதல் தயிர் இறுகிய பிறகுதான் இரண்டாம் உறைக்கு உயிர் வரும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். உப்பு கரைத்து, பம்பை ஓடவிட்டு, தொட்டியில் உரித்த இறால் ஒன்றைப் போடுங்கள். அது அழுகும்போது அம்மோனியா வரும். நாற்றம் பிடிக்காதவர்கள் ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடைக் கரைக்கலாம். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் என்பது இதேதான், ஆனால் அதில் கலப்படம் இருக்கக்கூடும் என்பதால் வேண்டாம். 45 லிட்டருக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு தாராளம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து அம்மோனியா சொட்டு மருந்தை விடுங்கள். மஞ்சளாக இருந்தது நாளுக்கு நாள் பச்சையாகும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பச்சை வெளிறும். இப்போது நைட்ரைட் குழாய் இளஞ்சிவப்பு ஏறிக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். அங்கேயே நிற்கும். நாள்கள் போகும், நிறம் அசையாது. பலர் பொறுமையிழந்து மீன் வாங்கப் போவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு ஒரு வாரத்தில், ஓரிரு நாளுக்குள், அந்த நிறம் சட்டென்று இறங்கிவிடும். நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் கூட்டத்தில் கடைசி நாள் பிறந்தவர்கள், அதற்கு முன் இருந்த மொத்தப் பேருக்குச் சமம்; அதனால்தான் அத்தனை நாள் அசையாத நிறம் ஒரே வீச்சில் சரிகிறது. இது நடக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். போட்ட அம்மோனியா ஒரே நாளில் முழுவதும் நைட்ரேட்டாகிவிட்டால் தொட்டி தயார்.

கடல் இதில் ஒரு சலுகையும் தருகிறது. நன்னீர் மீனின் செவுள், உடலுக்குத் தேவையான குளோரைடை வெளியிலிருந்து உறிஞ்சும். அதே வாசல் வழியாக நைட்ரைட் புகுந்து ரத்தத்தின் ஆக்சிஜனைத் தூக்கும் திறனைக் கெடுத்துவிடும். கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு மிதக்கிறது. வாசலில் அவ்வளவு நெரிசல் இருக்கும்போது நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பது அரிது. எனவே கடல் தொட்டியில் உண்மையான கொலைகாரன் அம்மோனியாதான். நைட்ரைட் குறையும்வரை காத்திருக்கச் சொல்வது, இரண்டாம் கூட்டமும் நிலைத்துவிட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் கூடம் திறந்தது. அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வீட்டுத் தொட்டி மோகத்தைக் கிளப்பியது. 1909-இல் சென்னை மெரினாவிலும் ஒரு மீன் காட்சியகம் வந்தது. தாவரமும் விலங்கும் சமமாக இருந்தால் தண்ணீர் கெடாது என்று காஸ் காலத்தில் நம்பினார்கள். அம்மோனியா தின்னும் உயிர்களை நுண்ணுயிரியலாளர் விநோகிராட்ஸ்கி தனியே பிரித்துக் காட்டியது 1890-இல்தான். சுவையான செய்தி இன்னும் பின்னால் வருகிறது: 2005-இல் ஆர்க்கியா என்ற, பாக்டீரியாவே அல்லாத ஓர் உயிர் வகை அம்மோனியாவைத் தின்று வாழ்வது உறுதியானது. அதைப் பிடித்த இடம் ஆழ்கடல் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்துத் தொட்டியின் சரளைக்கல். இதன் உறவினர்கள் உலகக் கடல்கள் முழுக்க நிறைந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது? சிலவற்றில் சரியான உயிர்களே இருக்கின்றன, காத்திருப்பைக் குறைக்கவும் செய்கின்றன. ஆனால் நைட்ரைட் தின்னும் வேலைக்கு நைட்ரோபாக்டர் என்ற இனத்தையே நெடுங்காலம் நம்பியிருந்தோம். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இந்த உயிர்களுக்கு விதைபோல உறங்கிக் கிடக்கும் ஸ்போர் நிலையும் கிடையாது. அலமாரியில் மாதக்கணக்கில் வெக்கையில் நின்ற பாட்டிலில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. ஊற்றுவதென்றால் ஊற்றுங்கள், டெஸ்ட் கிட் சொல்லும்வரை மீன் விடாதீர்கள்.

கல் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். "லைவ் ராக்" என்று மன்னார் வளைகுடாப் பவளத்தை மறைவாக விற்பவர்கள் இருக்கிறார்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் பவளம் 2001 முதல் இருக்கிறது. கடல் குதிரையும் அப்படியே. உயிருள்ளதோ செத்ததோ, அள்ளுவதும் விற்பதும் குற்றம். சுண்ணாம்புக்காக ஒரு காலத்தில் வெட்டிச் சிதைத்த திட்டுகள் அவை. இன்னும் முழுதாகத் தேறவில்லை. நமக்கு வேண்டியது நுண்துளைகள் மட்டும்தான், அதைச் செராமிக் கல் கொடுத்துவிடும். பாக்டீரியாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மீனும் அப்படியே: பண்ணையில் பிறந்ததாகப் பார்த்து வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. குச்சித் தீனிக்குப் பழகிய ஒரு ஜோடி உங்கள் தொட்டிக்குப் போதும். கடல் சாமந்தி வேண்டாம். பண்ணைக் கோமாளி அது இல்லாமலே நன்றாக வாழும்.

திருச்சி வெயிலுக்கு, தண்ணீரின் மேல் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். ஆவியாகும்போது சூடு இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். நாளுக்கு ஒரு லிட்டர் போனால் நான்கு நாளில் 35 என்ற அளவு 38-ஐத் தாண்டிவிடும். ஆகவே கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடுவரை வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் அல்ல. மின்வெட்டு நீண்டால் மீனுக்கு முன்பே ஃபில்டருக்குள் இருக்கும் உயிர்கள் மூச்சுத் திணறும் என்பதால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றும் வாங்கி வைத்துவிடுங்கள். விடுமுறைக்கு இரண்டு நாள் ஊருக்குப் போவதானால் அறை நண்பரிடம் கோட்டைக் காட்டித் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீனி டப்பாவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.